படம் வரையத் தெரியாது, டேப்லெட்டும் இல்லை. வாட்ஸ்அப்புக்கு அசையும் ஸ்டிக்கர் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், மவுஸ் போதும். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "முதலில் ஐபேட் வாங்குங்கள்" என்றே பதில் வருகிறது, எரிச்சலாக இருக்கிறது. பேனா இருந்தால் கோடு சீராக விழும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கருக்கு உயிர் தருவது அசைவு. அதைப் பழக மவுஸே போதும்.

உங்களிடம் சாதாரண லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கிரிட்டா படம் வரையும் இலவச மென்பொருள், அதை நிறுவுங்கள். முதல் ஸ்டிக்கருக்கு மனித முகம் வேண்டாம். ஆவி பறக்கும் ஒரு டீ கிளாஸ், கீழே "டீ போலாமா?" என்று இரண்டு சொல். கிளாஸ் அசையாது, ஆவி மட்டும்தான் அசையும்.

புதிய கோப்பு 512-க்கு 512 பிக்சல். கிரிட்டா தானாகவே வெள்ளைப் பின்னணி லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களில் ஒன்று) தரும், அதை முதலிலேயே அழித்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசியில் வெள்ளைச் சதுரத்துக்குள் மாட்டிய கிளாஸ்தான் கிடைக்கும். நான்கு ஓரத்திலும் 16 பிக்சல் காலியாக விடுங்கள். பிரஷ் கருவியின் டூல் ஆப்ஷன்ஸில் ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொண்டால் மவுஸ் கோட்டின் நடுக்கம் பெருமளவு அடங்கும். கிளாஸ், ஆவி, எழுத்து மூன்றும் தனித்தனி லேயரில் இருக்கட்டும்.

அனிமேஷன் டைம்லைனில் (ஃப்ரேம்களை, அதாவது அசைவின் தனித்தனிப் படங்களை, வரிசையாகக் காட்டும் பட்டை) வேகத்தை நொடிக்கு 10 ஃப்ரேம் என்றும், முடிவை 7 என்றும் மாற்றுங்கள் (எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் மொத்தம் 8). ஆவி லேயரில் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் வெற்று ஃப்ரேம் சேர்த்துவிட்டு வரைய வேண்டும். சேர்க்காமல் வரைந்தால் எட்டுக் கோடும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். ஆனியன் ஸ்கின்னைப் போட்டால் முந்தைய ஃப்ரேமின் கோடு மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததைப் போடலாம்.

கிளாஸின் வாய்க்கு மேலே பாம்புபோல் நெளியும் ஒரு கோடுதான் ஆவி. ஒரு நெளிவின் உயரம் 80 பிக்சல் என்றால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் நெளிவை 10 பிக்சல் மேலே ஏற்றுங்கள். கோட்டின் அடிப்பகுதி கிளாஸை விட்டு எழும்பக் கூடாது, வளைவு மட்டுமே மேலேறுகிறது. எட்டுப் படத்தில் ஒரு முழு நெளிவு ஏறிவிடுவதால், ஒன்பதாவதாக வரவேண்டியது முதல் படமேதான். அதை வரையாதீர்கள். வரைந்தால் ஒரே படம் இருமுறை ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் எடுத்ததுபோல் ஆவி நின்று நின்று போகும். புதிதாகச் செய்பவர்களின் ஸ்டிக்கர்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

ஆவியை வெள்ளையில் வரையாதீர்கள், வெளிர்நிற சாட் திரையில் காணாமல் போகும். இளஞ்சாம்பல் நல்லது. முழு உருவத்தைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளை ஓரம் கொடுத்தால் டார்க் மோடிலும் எடுப்பாக இருக்கும்.

முடிந்ததும் பிஎன்ஜி (ஒளிபுகும் பின்னணியைக் காக்கும் படக்கோப்பு) படவரிசையாக, ஃப்ரேமுக்கு ஒரு கோப்பாக, வெளியே எடுங்கள். ஜிஃப் வழியாகப் போகாதீர்கள். ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், பாதி ஒளிபுகும் நிலை கிடையாது. ஆவியின் மெல்லிய ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். ஈஸிஜிஃப் போன்ற தளத்தில் எட்டுப் படத்தையும் ஏற்றி அசையும் வெப்பி (வாட்ஸ்அப் ஸ்டிக்கரின் கோப்பு வகை) கோப்பாக்குங்கள். இடைவெளி 100 மில்லிசெகண்ட். நூறில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் கேட்கும் இடத்தில் 10 என்று போட வேண்டும். அங்கே 100 போட்டால் ஆவி நொடிக்கு ஒரு தடவைதான் நகரும். பழைய ஆவிக்கு மேலேயே புது ஆவி படிந்தால், முந்தைய ஃப்ரேமை அழிக்கும் தேர்வைப் போட மறந்திருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் அசையும் ஸ்டிக்கருக்கு உச்சவரம்பு 500 கேபி, 10 நொடி. தாண்டினால் முதலில் பிரஷ்ஷின் சொரசொரப்பையும் நிறச்சாயல்களையும் எடுத்துத் தட்டையான நிறமாக்குங்கள், தரத்தைக் குறைப்பது அதற்குப் பிறகு. ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகபட்சம் 30 ஸ்டிக்கர். அசைவதையும் அசையாததையும் ஒரே தொகுப்பில் கலக்க முடியாது. தொகுப்பின் சின்னம் 96-க்கு 96 பிக்சல், 50 கேபிக்குள். கோப்புகளைத் தொகுப்பாக்கி வாட்ஸ்அப்பில் சேர்க்கும் ஸ்டிக்கர் செயலி ஏற்க மறுத்தால் இந்த எண்களைச் சரிபாருங்கள், பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கும்.

டெலிகிராமுக்கும் வேண்டுமென்றால் அதே எட்டுப் படத்தை விபி9 வெப்எம் (டெலிகிராம் ஸ்டிக்கருக்கு ஏற்கும் வீடியோ வகை) வீடியோவாக்கலாம்: 3 நொடிக்குள், 256 கேபிக்குள், ஒலி கூடாது. எம்பி4 ஆக எடுத்துப் பிறகு மாற்றாதீர்கள், பின்னணி கறுப்பாகிவிடும். அங்குள்ள டிஜிஎஸ் என்ற இன்னொரு அசையும் ஸ்டிக்கர் வகை (உச்சவரம்பு 64 கேபி) வேறு வேலை. அதற்கு வெக்டர் படமும் (பிக்சலாக அல்லாமல் கோடு, வடிவக் கணக்காகச் சேமிக்கும் படம்) ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளும் வேண்டும். "அதுதான் தரமானது" என்று வருகிறவர்களுக்கு: சரிதான், ஆனால் அது முதல் வாரத்துக்கு உரியதல்ல.

கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொங்கலும் தீபாவளியும் வந்தால் "வாழ்துக்கள்" என்று எழுதிய ஸ்டிக்கர்கள் குடும்பக் குழுக்களில் குவிகின்றன. ஒரு த் போட எவ்வளவு நேரம் ஆகும்? பூவெல்லாம் அழகாகச் சுழல்கிறது, நடுவில் தமிழ் நொண்டுகிறது. வேறு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி "போ" உடைந்துபோகும். எழுதிய பிறகு படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கி, தள்ளி உட்கார்ந்து படியுங்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், இல்லையேல் ஒரு சொல்லைக் குறையுங்கள். கிரிட்டாவின் மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள். வெப்பி ஆன பிறகு எழுத்துப் பிழை கண்ணில் பட்டால், அந்த ஒரு லேயரை மட்டும் திருத்தி மறுபடி எடுக்க அது வேண்டும்.