எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் டிரில் பிட் கருகுவது ஏன்?

ராணிப்பேட்டை நண்பருக்கு: 5 மி.மீ. எஸ்எஸ் 304 தகட்டில் 10 மி.மீ. ஓட்டை போட்டால் பிட் நீலமாகிக் கருகுது, மூணு பிட் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. மிஷின்ல கோளாறு இல்லை, வேகம்தான் அதிகம். 2800 ஆர்பிஎம்-ல (நிமிஷத்துக்கு 2800 சுத்து) எஸ்எஸ் வெட்டுப்படாது; உரசி உரசி அந்த இடமே இறுகிப்போகும். அப்புறம் புது பிட்டும் வழுக்கும். இறுகின ஓட்டையைப் பின்பக்கத்திலிருந்து போடுங்க.

இடிச்சுக்கிட்டே துளைக்கிற ஹேமர் மோடை அணைச்சிடுங்க. ஓட்டை போடுற இடத்தில் சின்னக் குழி பதிக்கிற சென்டர் பஞ்சை லேசா ஒரே தட்டு. 4 மி.மீ. கோபால்ட் கலந்த பிட்டால சுமார் 1000 ஆர்பிஎம்-ல முதல் ஓட்டை, பிறகு 10 மி.மீ. பிட்டை 400–450-ல, கட்டிங் ஆயில் விட்டுக்கிட்டே நல்லா அழுத்துங்க. சீவல் சுருண்டு வரணும். தூளா வந்தா உரசுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. மறுபக்கம் எட்டும்போது பிட் கவ்வி மணிக்கட்டையே முறுக்கிடும். சி-கிளாம்ப் (மேசையோட இறுக்கிப் பிடிக்கிற பிடி) போடாத தகட்டைத் தொடாதீங்க, கையுறையும் வேண்டாம்.