திரவம் திடீரெனப் பீறிடுவதைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிக்குறிப்புகளை எப்படிப் பிரித்தறிவது?

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் ப்யு, ப்³யு, பு³ஷு, தொ³ப³, ப³ஷ என்று விதவிதமாக வருகிறது, அகராதியோ எல்லாவற்றுக்கும் ‘நீர் பீறிடும் ஒலி’ என்றே பொருள் சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். இவை உறுப்பு உறுப்பாகக் கோத்த சொற்கள். முதல் எழுத்து, உயிர், முடிவு மூன்றையும் பார்க்கப் பழகினால் இதுவரை காணாத சொல்லைக்கூடப் பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடலாம்.

அதற்குமுன் நம் எழுத்தால் வரும் ஒரு சிக்கல். ‘பம்பரம்’ என்பதில் முதல் ப ஒரு மாதிரியும் இரண்டாவது ப வேறு மாதிரியும் ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். ஜப்பானிய ஒலிக்குறிப்புக்கு அந்த வேறுபாடுதான் உயிர். அதனால் ஸ்லோகப் புத்தகங்களில் போடுவதுபோல, பம்பரத்தின் இரண்டாவது ப மாதிரி அதிரும் ஒலிக்கு ³ போட்டிருக்கிறேன். குறி இல்லாத எழுத்தைச் சொல்லின் நடுவிலும் வல்லோசையாகவே படியுங்கள். ஜப்பானியர் அதிரும் ஒலிக்கு எழுத்தின் வலது மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகளும், வல்லோசைப் பகரத்துக்குச் சிறு வட்டமும் போடுவார்கள். பொடி எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள்.

வல்லோசை என்றால் கொஞ்சம், மெல்லிசு, சுத்தம். அதிரும் ஒலி என்றால் நிறைய, கனம், பல இடங்களில் அருவருப்பும். ‘அசாரி’ என்னும் சிறு மட்டியை மணல் கக்க வைக்க, லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் போடுவார்கள். ஓட்டிடுக்கிலிருந்து நூல்போலத் தண்ணீரைப் பீச்சும், அது ‘ப்யுத்தொ’ (கடைசியில் ஒட்டும் ‘த்தொ’வைப் பிறகு பார்ப்போம்). அதே வடிவில் விசையும் அளவும் கூடினால் ‘ப்³யுத்தொ’. சாக்கே குப்பியின் குறுகிய கழுத்திலிருந்து மது விட்டுவிட்டு இறங்குவது ‘தொகுதொகு’. காயத்திலிருந்து ரத்தம் கொட்டுவது ‘தொ³கு தொ³கு’. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் விருந்துக் காட்சி கொலைக் காட்சியாகிவிடும்.

அடுத்தது உயிர். உகரம் குறுகிய வாயிலிருந்து வெளிவருவதைக் காட்டும்; அகரம் பரப்பில் விரிவதைக் காட்டும். ஷகரமும் யகரமும் சேர்ந்தால் கட்டுக்குள் நில்லாமல் தெறிப்பது. இதற்கு ஃபுனஷ்ஷியைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிபா³ மாகாணத்து ஃபுனபா³ஷி பேரிக்காய்க்குப் பேர்போன ஊர். அவ்வூரின் அதிகாரபூர்வமற்ற சின்னமாகத் துள்ளித் திரிந்து 2013 வாக்கில் நாடெங்கும் புகழ்பெற்ற இந்தப் பேரிக்காய்ப் பொம்மையின் முழக்கம் ‘நஷிஜிரு பு³ஷா!’ நஷிஜிரு என்றால் பேரிக்காய்ச் சாறு. ‘பு³’ அழுத்தம் உடைந்து வெளிவருகிறது, ‘ஷ’ சிதறுகிறது, அகரம் விரிகிறது, நெடில் அது தொடர்கிறது என்கிறது. ஒற்றைச் சொல்லில் மொத்தக் காட்சியும் இருக்கிறது!

இதன் பக்கத்திலேயே ஒரு பொறி உண்டு. பீர் கேனைத் திறக்கும்போது வரும் ‘புஷு’ திரவத்தைக் குறிப்பதில்லை. அது வாயு வெளியேறும் ஓசை, ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்க வேண்டியதில்லை. குலுக்கிய கேன் முகத்தில் அடித்தால்தான் ‘பு³ஷு’.

முடிவு எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். கடைசியில் வரும் குட்டி ‘ட்ஸு’ எழுத்து, ஒரே தரம் நிகழ்ந்து சட்டென்று நின்றதன் அடையாளம். இரட்டித்தால் தொடர்ச்சி. மூடி கழன்று சோயா சாஸ் மொத்தமாகக் கவிழ்வது ‘தொ³ப³த்தொ’. வேண்டுமென்றே தாராளமாக ஊற்றிக்கொண்டே இருப்பது ‘தொ³ப³தொ³ப³’. நம் இரட்டைக்கிளவி பிரிந்து வராது. இங்கே ஒற்றைக்கும் இரட்டைக்கும் தனித்தனி வேலை. ‘ன்’ என்று முடியும் ‘தொ³பொ³ன்’ கனமான பொருள் தண்ணீருக்குள் விழும் ஓசை. திசையே வேறு, பீறிடுவதற்குப் போடாதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இரட்டிக்கவும் கூடாது. ‘ப்³யு’வை நீட்டி ‘ப்³யூப்³யூ’ என்றால் காற்று ஊளையிடுகிறது என்று ஆகிவிடும்.

வாக்கியத்தில் வைக்கும்போது ‘தொ’ என்ற இடைச்சொல்லை விடாதீர்கள். நம் ‘என்று’ செய்யும் வேலைதான் அது: பிறர் பேச்சை எடுத்துச் சொல்லவும் அதே சொல்தான் வரும். குட்டி ட்ஸுவோடு சேரும்போது ‘த்தொ’ என்று இரட்டித்து ஒலிக்கும். இரட்டித்த சொற்களில் மட்டும் அதை விடலாம். வினையும் பொருந்த வேண்டும். ‘ப்யுத்தொ’வுக்குப் பாய்தல், வெளிவருதல். ‘பு³ஷுத்தொ’வுக்குப் பீறிடுதல். ‘ப³ஷத்தொ’வுக்கு மேலே ஊற்றுதல் அல்லது மேலே படுதல், வாளித் தண்ணீரை முகத்தில் அடிப்பது இந்த வகை. எல்லாமே பேச்சு நடை. அலுவலக அறிக்கையில் குழாய் உடைந்ததை ‘தொ³ப³த்தொ’ என்று எழுதினால் குழந்தைத்தனமாகத் தெரியும்.

தமிழில் பெயர்க்கிறீர்கள் என்றால், ஒரேயடியாகப் பெருகி வருவதைச் சொல்லும் ‘தொ³த்தொ’வுக்கு ‘குபீரென்று’ கச்சிதம். இரண்டுமே வியர்வைக்கும் வரும், கூட்டச் சிரிப்புக்கும் வரும். ஆனால் ‘தொ³த்தொ’ களைப்புக்கும் வரும். அங்கே ‘குபீர்’ ஒட்டாது, ‘மொத்தமாக வந்து அழுத்தியது’ என்று வினையில் கொண்டுவாருங்கள். ‘தொ³கு தொ³கு’வுக்குக் ‘குபுகுபுவென்று’ போதும். ‘ப்யுத்தொ’வுக்கு ஒலிக்குறிப்பைத் தேடாமல் ‘பீச்சியது’ என்றே எழுதிவிடுங்கள். குறுகிய வாயும் விசையும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன.