ரிலாக்சர் போட்டு நேராக்கிய ஆஃப்ரோ முடி மறுபடி சுருளுமா?

நேராக்கிய பகுதி திரும்பாது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர் தங்கள் இறுக்கச் சுருளான ஆஃப்ரோ முடியை நேராக்கப் போடும் ரிலாக்சர் களிம்பில் இருப்பது காஸ்டிக் சோடா போன்ற வலுவான காரம். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது நிரந்தரமாக மாற்றிவிடும். எந்த எண்ணெயாலும் மீட்க முடியாது. வேரிலிருந்து வரும் புது முடிதான் சுருளும், அது மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும்.

புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சேரும் இடம்தான் ஆபத்து, அங்கேதான் ஒடியும். காய்ந்த தலையை வாராதீர்கள். நனைத்து, கண்டிஷனர் தடவி, நான்கைந்து பாகமாகப் பிரித்து, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். அவ்வப்போது நுனியை வெட்டிக்கொண்டே வாருங்கள். குட்டை முடி சம்மதமென்றால், 5 செ.மீ. வளர்ந்ததும் நேர்முடி முழுவதையும் வெட்டிவிடலாம். அதுவே சுலபம் என்பேன்.

சுருள்முடியோடு வேலைக்குப் போகத் தயங்குவது நியாயமே. ஆஃப்ரோவுக்காகவோ பின்னலுக்காகவோ ஒருவரை ஒதுக்குவதைக் கலிஃபோர்னியா 2019இல் கிரவுன் சட்டத்தால் தடுத்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன.