அறுவடை நேரத்து மழை வேளாண்மையை ஏன் இவ்வளவு கெடுக்கிறது?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெரும்போகத்தை, அதாவது மழைக்கால நெல் வேளாண்மையை, ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைத்து, தை, மாசியில் வெட்டுவார்கள். கதிர் முற்றி வெட்டப்போகும் நேரத்தில் விழும் பெருமழையைத்தான் பருவம் தப்பிய மழை என்கிறோம். பயிருக்குத்தான் அது பருவம் தப்பியது; வடகீழ்ப் பருவமழை பெப்ரவரி வரை நீளும். அந்த நாட்களில் வங்காள விரிகுடாவில் வலுவான தாழமுக்கம் ஒன்று வந்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் மூழ்கிவிடும். 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளங்களிலும் வயல்கள் இப்படித்தான் மூழ்கின.

இளம் பயிர் ஓரிரு நாள் தண்ணீரைத் தாங்கும். முற்றிய கதிர் தாங்காது. தலை கனத்து, தாள் காய்ந்து நிற்பதால் காற்றோடு மழை அடித்ததும் சாய்ந்து சேற்றில் கிடக்கும். அப்புறம், ஊறவைத்த பயறு முளைவிடுமே, அதே கதைதான்: ஈரத்தை உறிஞ்சிய நெல்மணி, உள்ளே இருக்கும் மாச்சத்தைச் சீனியாக்கி முளைக்கத் தொடங்கும். கதிரிலேயே வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். வயல் இறுகாமல் வெட்டு மெஷினையும் இறக்க முடியாது. கடன்பட்டு வேளாண்மை செய்தவரின் நிலைமையை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

“வெயில் வந்ததும் காயவைத்தால் சரியாகிவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். வெறுமனே நனைந்த நெல்லுக்கு அது சரி. முளைத்த நெல்லை எவ்வளவு காயவைத்தாலும் போன மாச்சத்து திரும்பாது, குற்றும்போது குறுணலாக நொறுங்கும்.