மண்சரிவில் தப்பியவர் மலைக்குத் தனியாகப் போகலாமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். வயது 29, கொழும்பில் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. நாங்கள் தப்பினோம், பக்கத்து வீட்டில் இருவர் போய்விட்டார்கள். அதன்பிறகு நான் மலைப்பக்கமே போகவில்லை. அடைமழை என்றால் இன்றும் நித்திரை இல்லை. தனியாக ஒரு பயணம் போய்வந்தால் மனம் ஆறும் என்கிறாள் தோழி. அம்மா பயப்படுகிறார். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அதைச் சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள். மனவடுவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் தரும் சிகிச்சை தனியாக இருக்கிறது. பயணத்தால் ஆகக்கூடியது வேறு. அன்று இரவு எதுவுமே உங்கள் கையில் இருக்கவில்லை. எந்த நாளில் போவது, எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்று இந்த முறை நீங்களே முடிவெடுப்பீர்கள். அதற்கு நிறைய மதிப்பு உண்டு.

பயந்த இடத்தைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் மழை பெய்தும் ஒன்றும் நடக்காமல் விடிந்தது என்ற அனுபவம் மூளைக்குக் கிடைக்காமலே போகிறது. பயம் அப்படியே தங்கிவிடுகிறது. அதைச் சிறிது சிறிதாகத்தான் நெருங்க வேண்டும்.

இரவுதோறும் கெட்ட கனவு, சாக வேண்டும் என்ற எண்ணம், குடித்தால் அல்லது மாத்திரை போட்டால்தான் தூக்கம், இருக்கும் இடமே மறந்து அந்த இரவுக்குள் போய்விடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இப்போது தனியாகப் போக வேண்டாம். முதலில் மனநல வைத்தியரைப் பாருங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

உங்கள் பயம் முழுவதையும் நோய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மலையில் அடைமழைக்குப் பயப்படுவது அறிவும்தான். அதனால் அந்தக் கவலையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையிடம் விடுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். போகும் பிரதேசத்துக்கு இதில் எந்த எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அங்கே போனபின் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள், போதும். மழை வலுத்தால் மட்டும் கூடுதலாகப் பார்க்கலாம். நிமிடத்துக்கொரு தரம் ஃபோனைத் திறந்தால் பயம்தான் வளரும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் யோசிக்காமல் அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

காலம் என்றால் பெப்ரவரி, மார்ச் நல்லது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து மழை கனக்கும். முதல் பயணத்துக்கு உங்கள் தோட்டம் வேண்டவே வேண்டாம். அங்கே பிறகு, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போதைக்கு நுவரெலியாவில் ஓர் இரவு போதும். சரிவின் கீழ் இல்லாத, ஒரு குடும்பம் நடத்தும் தங்குமிடமாகப் பார்த்துப் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். மறுநாள் வெலிமடைப் பாதையில் சீதையம்மன் கோயிலுக்குப் போய், அப்படியே ஹக்கலைப் பூங்காவில் மெதுவாக நடக்கலாம். 1861இல், குயினைன் மருந்து தரும் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது. ஆட்கள் நடமாடும் இடம், தனியாக நடந்தாலும் தனிமை அழுத்தாது.

இரவில் தகரத்தில் மழை விழுந்து நெஞ்சு படபடத்தால் எழுந்து விளக்கைப் போடுங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, இன்றைய திகதியையும் ஊரின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். அப்புறமும் அடங்காவிட்டால் யாருக்காவது ஃபோன் எடுங்கள். விடிந்ததும் திரும்பிவரலாம். பாதியில் திரும்புவதும் உங்கள் முடிவுதான், தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவும் அதே இரவில் இருந்தவர். அவருடைய பயத்தோடு வாதாடாதீர்கள். தங்குமிடத்தின் பெயர், இலக்கம், ஃபோன் எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் எடுங்கள்.

திரும்பி வந்த மறுநாள் வேலைக்கு ஓடாமல் லீவு போடுங்கள். சில இரவுகள் கனவு கூடலாம், அது பெரும்பாலும் தணிந்துவிடும். இரண்டு வாரமாகியும் தணியாவிட்டால் உளவளத்துணையாளரிடம் போய், பயணத்தில் எந்த இடத்தில் உடம்பு பதறியது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.