ஜிகினா, பித்தளைக் குடம், லாரி வெளிச்சம்: 'ஜி-எல்' சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கிளீம், கிளிட்டர், கிளோ, கிளிம்மர், கிளிஸன் என்று ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் 'ஒளிர்தல், மின்னுதல், பளபளத்தல்' என்றே போட்டிருக்கிறது. எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது? ஜி-எல் (gl) என்று தொடங்கினாலே வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மகனிடம் தப்பில்லை, குறை அகராதியில்தான் இருக்கிறது. 'மின்னுதல்' என்ற ஒரே சொல்லை ஐந்து இடத்தில் எழுதிவைத்தால் எந்தப் பிள்ளைக்கும் குழப்பம்தான் மிஞ்சும். எந்தப் பொருள் மின்னுகிறது, எப்படி மின்னுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும்.

கிளிட்டரிலிருந்து தொடங்கலாம். கைவினைப் பொருள் கடையில் நாம் ஜிகினா என்று வாங்கும் தூளுக்கு ஆங்கிலத்தில் பெயரே கிளிட்டர்தான். நூறு சின்னப் புள்ளிகள் மாறி மாறி மினுக்கினால் அது கிளிட்டர். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பித்தளைக் குடத்தில் அப்படிப் புள்ளிகள் இருக்காது, வழவழப்பான பரப்பு முழுதும் ஒன்றாகப் பளபளக்கும். அது கிளீம். கிளிஸனுக்கு ஈரமோ எண்ணெயோ வேண்டும்: வியர்த்த நெற்றி, மழையில் நனைந்த வாழையிலை, எண்ணெய் தேய்த்துக்கொண்ட முதுகு. இதன் நடுவில் ஒரு 'டி' எழுத்து உண்டு, வாயில் வராது. எழுதும்போது விட்டுவிடக் கூடாது.

கிளோ இவற்றிலிருந்து விலகி நிற்கும். வெளி ஒளி பட்டுத் திரும்புவதல்ல, உள்ளிருந்தே வருவது. இஸ்திரிப் பெட்டியில் தீ நாக்கு இல்லாமல் சிவந்து கனலும் கரியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்மினி வகைப் பூச்சி ஒன்றுக்கு 'கிளோ வார்ம்' என்று பெயர் வந்ததும் இதனால்தான். தூரத்தில் காற்றில் நடுங்கும் அகல் விளக்கின் மங்கல் ஒளி கிளிம்மர். 'நம்பிக்கைக் கீற்று' என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான் வரும். அரிவாளைத் திருப்பும்போது ஒரு கணம் 'பளிச்'சென்று தெறித்து மறைவது கிளின்ட்.

அப்புறம் கிளேர். ராத்திரியில் எதிரே வரும் லாரிக்காரர் விளக்கைத் தாழ்த்தாமல் வந்தால் கண் கூசுகிறதே, அந்த வெளிச்சம். கோபமாக முறைப்பதற்கும் இதே சொல்தான். இந்த இடத்தில் ஜி-எல் கூட்டம் வெளிச்சத்திலிருந்து பார்வைக்குத் தாவுகிறது. கிளான்ஸ், கிளிம்ப்ஸ் இரண்டும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். கிளான்ஸ் என்பது நாம் பார்ப்பது: கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தேன். கிளிம்ப்ஸ் என்பது நம் கண்ணில் படுவது: தேர்க் கூட்டத்தில் தலைகளுக்கு நடுவே சாமி முகம் ஒரு கணம் தெரிந்தது. படக்குழுவினர் 'கிளிம்ப்ஸ் வீடியோ' விடுகிறார்களே, அந்தக் கணக்குத்தான். கிளான்ஸுக்குப் பின்னால் 'அட்' வரும். கிளிம்ப்ஸ் வினைச்சொல்லாக வரும்போது 'அட்' சேர்த்தால் பிழை.

சரி, இத்தனை ஒளிச்சொற்கள் ஒரே இடத்தில் கூடியது எப்படி? இவற்றில் பல, 'ஒளிர்' என்னும் பொருள் கொண்ட மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து கிளைத்தவை என்று மொழியியலாளர் சொல்கிறார்கள். பொன்னைக் குறிக்கும் கோல்டும் மஞ்சளைக் குறிக்கும் எல்லோவும் அதே குடும்பம். வடமொழியின் ஹிரண்யமும் அப்படியே. ஆக, நம் இரணியனுக்கும் கிளிட்டருக்கும் தூரத்து உறவு இருக்கிறது!

ஒலிக்கும் பொருளுக்கும் இப்படி ஏற்படும் ஒட்டுதலுக்கு 1930இல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய மொழியியலாளர் ஜே.ஆர். ஃபிர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934இல் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பகுதி எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். 'பளபள', 'மினுமினு', 'தகதக' என்று பேசிப் பழகிய நமக்கு அவர் சொன்னது ஒன்றும் அதிசயமில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பாதிதான் நம்பலாம். 2004இல் வெளியான மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கனின் ஆய்வில், ஜி-எல் என்று தொடங்கும் வெவ்வேறு சொற்களில் ஒளி அல்லது பார்வையோடு தொடர்புடையவை 39 சதவீதம். உரைநடையில் ஜி-எல் சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணினால் 60 சதவீதம். பத்தியில் தெரியாத ஜி-எல் சொல் வந்தால் முதல் ஊகம் ஒளியாக இருக்கலாம். சுற்றியுள்ள வரி ஒத்துவராவிட்டால் உடனே கைவிட வேண்டும். பசையைக் குறிக்கும் குளூ, கையுறையான குளவ், உருண்டையான குளோப், சுரப்பியான கிளாண்ட் எதிலும் வெளிச்சம் இல்லை. குளூம் என்றாலோ நேர் எதிராக இருட்டு, மனச்சோர்வு.

சில சொற்கள் ஏமாற்றும். மகிழ்ச்சியைக் குறிக்கும் கிளாட், பழைய ஆங்கிலத்தில் 'ஒளிரும்' என்றே பொருள்பட்டது. சந்தோஷத்தில் முகம் பிரகாசிக்கிறது என்று நாம் சொல்வதில்லையா? கிளாமர் தலைகீழ். ஒளிக்கூட்டத்தில் பிறந்ததே இல்லை, அது இலக்கணத்தைக் குறிக்கும் கிராமர் ஸ்காட்லாந்துக்காரர் வாயில் திரிந்து வந்தது. படிக்காதவர்களுக்குப் படிப்பே மந்திரமாகத் தெரிந்த காலத்தில் 'மாய வித்தை' என்று பொருள் மாறி, பிறகு கவர்ச்சி ஆயிற்று. இலக்கணப் புத்தகத்தைக் கண்டு அலுத்துக்கொள்ளும் பையனிடம் சொல்லிப் பாருங்கள்.

குறிப்பேட்டில் பொருள் எழுதும் இடத்தில் 'மின்னுதல்' என்பதை அடித்துவிட்டு ஜிகினா, குடம், ஈர இலை, கரி, அகல், அரிவாள், லாரி என்று எழுதச் சொல்லுங்கள். படம் வரைந்தால் இன்னும் நல்லது. அது முடிந்ததும் எஸ்-என் சொற்களைக் கொடுங்கள்: ஸ்னீஸ் தும்மல், ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் விலங்கின் நீண்ட மூக்கு. இவை எல்லாம் எங்கே சேர்கின்றன என்று அவனே சொல்லிவிடுவான். சொன்னதும், 'அப்படியானால் ஸ்னேக்?' என்று கேளுங்கள்.