ஸ்கிரீன் டம்ப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய கணக்கு மென்பொருள் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். விண்டோஸுக்கு முன் புழங்கிய டாஸ் இயங்குதளக் காலத்து நூல். ‘பிழை வந்தால் ஸ்கிரீன் டம்ப் எடுத்து இணைத்து அனுப்பவும்’ என்று அதில் பல இடங்களில் வருகிறது. ‘டம்ப் என்றால் குப்பை, அது கொச்சையான வழக்கு, ஸ்கிரீன்ஷாட் என்று மாற்றிவிடுங்கள்’ என்கிறார் உடன் பணியாற்றும் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானா?

இன்னொரு சந்தேகம். பின்னிணைப்பில் ஸ்கிரீன் டம்ப் என்ற தலைப்பில் சில பக்கங்கள் உள்ளன. பெட்டி வரைந்திருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் சாய்வான ‘எம்’ எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, பக்கவாட்டில் முக்காற்புள்ளிகள். இது அச்சுப்பிழையா?

க.

அன்புள்ள க.,

மாற்றாதீர்கள். உங்கள் தயக்கம் சரியானது.

கணினிக்காரர்கள் டம்ப் என்று சொன்னது குப்பையை அல்ல, கொட்டுவதை. மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான் என்கிறோமே, அந்தக் கொட்டுதல். பெரிய மெயின்பிரேம் கணினிகளின் காலத்தில் ஒரு நிரல் பாதியில் செத்துவிழுந்தால், அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்தது முழுவதையும் எண்களாக அச்சடித்துத் தள்ளுவார்கள். நிரலாளர் அந்தக் காகிதக் கட்டோடு உட்கார்ந்து எங்கே தவறியது என்று தேடுவார். அதுதான் மெமரி டம்ப். காந்த வளையங்களால் ஆன நினைவகத்துக்கு ‘கோர்’ என்று பெயர், அதனால் கோர் டம்ப் என்றும் சொன்னார்கள். அந்த வளையங்கள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் நிரல் செயலிழந்தால் உருவாகும் கோப்புக்கு இன்றும் ‘கோர்’ என்றுதான் பெயர்.

ஸ்கிரீன் டம்ப் இந்தக் குடும்பத்தில் பிறந்த சொல். திரைக்கென்று ஒதுக்கிய நினைவகப் பகுதியை மட்டும் கொட்டுவது அது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான எழுத்துத் திரையில் வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 25 வரிகள், ஆக 2000 கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு இரண்டு பைட்: ஒன்று என்ன எழுத்து என்று சொல்லும், மற்றது என்ன நிறம் என்று சொல்லும். அவ்வளவுதான் திரை, 4000 பைட். ஷிஃப்டோடு பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால், கணினி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து நேரே அச்சுப்பொறிக்கு அனுப்பிவிடும். நிறம் போய்விடும், எழுத்து மட்டும் காகிதத்துக்கு வரும். கவனியுங்கள், இதில் எந்த இடத்திலும் படம் என்று ஒன்று இல்லை. கிராஃபிக்ஸ் திரையை இப்படி அச்சிட வேண்டுமென்றால் டாஸில் ‘கிராஃபிக்ஸ்’ என்ற தனிக் கட்டளையை முதலில் கொடுத்து வைக்க வேண்டும்.

வீட்டுக் கணினிகளிலும் இதே கதைதான். 1982-இல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு முழுத் திரை 6912 பைட்; புள்ளிகளுக்கு 6144, நிறங்களுக்கு 768. அதைப் பயன்படுத்திய தலைமுறைக்கு அந்த எண் மனப்பாடம். அவர்கள் ஸ்கிரீன் டம்ப் என்று சொன்னால் அந்த 6912 பைட்டை அப்படியே கேசட் நாடாவிலோ காகிதத்திலோ இறக்குவதைத்தான் நினைப்பார்கள்.

அப்போது ஸ்கிரீன்ஷாட் என்ற சொல்லும் இருந்தது, ஆனால் அது வேறு வேலை. கணினி இதழ்களில் திரையின் படம் போட வேண்டுமென்றால், கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, அறையை இருட்டாக்கித் திரையைப் புகைப்படம் எடுப்பார்கள். குழாய்த் திரையில் ஒளிக்கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படம் போடும். ஷட்டர் வேகமாக மூடினால் பாதித் திரைதான் பதியும், குறுக்கே கறுப்புப் பட்டை விழும். மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். ஒன்று வெளியிலிருந்து எடுத்த படம், மற்றது உள்ளிருந்து எடுத்த பதிவு. உங்கள் கையேட்டை எழுதியவர் இரண்டாவதைத்தான் கேட்கிறார்.

விண்டோஸ் பரவியதும் இந்த வேறுபாடு கரைந்துபோனது. பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தினால் காகிதம் வரவில்லை. திரை ஒரு படமாகக் கிளிப்போர்டில் போய் உட்கார்ந்தது. அந்தப் படத்தையும் சிறிது காலம் ஸ்கிரீன் டம்ப் என்றே சொன்னார்கள், அப்புறம் ஸ்கிரீன்ஷாட் என்ற சொல் அதை ஓரங்கட்டியது. ஆகவே கையேடு விண்டோஸ் காலத்தது என்றால் உங்கள் நண்பர் சொல்வது பொருந்தும். டாஸ் காலத்ததற்குப் பொருந்தாது. சொல் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் திரையைச் சேமிக்கும் கட்டளை ‘ஸ்கிரீன்டம்ப்’தான். சுவீடன், நார்வே, டென்மார்க் நாட்டவர் பேச்சில் ஸ்கிரீன்ஷாட்டுக்கு இன்றும் அன்றாடம் புழங்கும் சொல்லில் டம்ப் இருக்கிறது. அங்கே யாரும் அதைக் கொச்சையாக நினைப்பதில்லை.

இனி அந்த ‘எம்’ வரிசை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் அது அச்சுப்பிழையே அல்ல. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுதியில் இரட்டைக் கிடைக்கோட்டுக்கு எண் 205. அக்காலத்து எப்சன் அச்சுப்பொறிகள் பலவற்றில் 128-க்கு மேற்பட்ட எண்கள் சாய்வெழுத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன; சாதாரண எழுத்தின் எண்ணோடு 128 கூட்டினால் அதன் சாய்வு வடிவம். 205-இல் 128 போனால் 77, அது பெரிய ‘எம்’. இரட்டைச் செங்குத்துக் கோடு 186. கழித்தால் 58, அது முக்காற்புள்ளி. ஒற்றைக் கோட்டுப் பெட்டி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேலும் கீழும் ‘டி’ (D) எழுத்துகள் ஓடும், பக்கவாட்டில் 3 என்ற எண் நிற்கும். திரையிலிருந்து போனது எழுத்தின் எண் மட்டுமே, உருவம் அல்ல. அச்சுப்பொறி தனக்குத் தெரிந்த எழுத்தைப் போட்டுவிட்டது. படமாக எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்க வாய்ப்பே இல்லை. நண்பருக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தப் பக்கங்களைத் திருத்தி அழகான பெட்டி போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அப்படியே இருக்கட்டும்.

முதலில் சொல் வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு போதும்: ‘ஸ்கிரீன் டம்ப்: திரையில் உள்ள எழுத்துகளை அப்படியே அச்சுப்பொறிக்கு அனுப்பி எடுக்கும் பிரதி.’ பின்னிணைப்பின் தொடக்கத்தில் ‘எம்’ வரிசைக்கு இரண்டு வரி விளக்கம். மற்ற இடங்களில் சொல்லை அதன் போக்கில் விடுங்கள்.

கையேடு ஏன் டம்ப் கேட்டது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். பிழைச்செய்தி எழுத்தாக வந்தால் சரிசெய்பவர் பிழை எண்ணை ஐயமின்றிப் படிக்கலாம், தன் நிரலில் அதே வரியைத் தேடலாம். இன்று பலர் பிழைச்செய்தியைக் கைபேசியில் மங்கலாகப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பெறுபவர் அதைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்கிறார். எழுத்தை நகலெடுக்க முடிகிற இடத்தில் எழுத்தையே அனுப்புங்கள் என்று உங்கள் தமிழ்ப் பதிப்பில் ஒரு வரி சேர்த்தால் நான் மகிழ்வேன்.